அசோகன் பூட்ஸ் மாட்டினால்

விமான நிலையத்துத் தீயணைப்புக் கொட்டகையில் அசோகன் தன் முழங்கால் பூட்ஸை எடுத்து மாட்ட ஆரம்பித்தால், பக்கத்தில் சீட்டு ஆடிக்கொண்டிருப்பவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மணி அடித்திருக்காது. கோபுரத்திலிருந்து போன் வந்திருக்காது. வானம் வெறுமனே கிடக்கும். ஆனாலும் டிரைவர் கோவிந்தப்பா ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகிவிடுவார். அதற்குப் பிறகு எப்படியும் ஏதோ ஒன்று விழும். ஒருமுறை டயர் வெடித்துப் பாதையை விட்டு இறங்கிய பயிற்சி விமானம். இன்னொரு முறை கேழ்வரகு வயலில் தலைகுப்புறக் குத்தி நின்ற ஹெலிகாப்டர். அதிலிருந்து இறக்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த ஆள் அசோகனிடம் தண்ணீர் கேட்டுவிட்டு, தண்ணீர் வருவதற்குள் செத்துப்போனார்.

"உனக்கு எப்படிய்யா முன்னாடியே தெரியுது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அசோகனிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"தட்ற சத்தம் கேக்குது."

அசோகன் பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத்தில் பாறை வெடித்து அப்பா செத்தபோது, உடம்பு என்று ஒரு சாக்கு மூட்டையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புத்தர் படத்துக்கு முன்னால் அந்த மூட்டையை வைத்து, அவிழ்க்காமலே சடங்கு செய்தார்கள். அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெங்களூரில் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கம் வந்து, பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தாள். அசோகனுக்கு மீசை அரும்பிய வயதில் விமான நிலையத்தில் தீயணைப்பு ஆள் வேலை கிடைத்தது. மண்ணுக்கடியில் போகாத வேலை என்பதே அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் அது நடந்தது. அறுபத்து நான்கு. வெளியூர்த் தளத்திலிருந்து இரண்டு வாம்பயர் ஜெட்டுகள் பெங்களூருக்கு வந்துகொண்டிருந்தன. முதல் விமானம் இறங்கப் போகும் நேரத்தில் ஏரிக்கு மேல் வட்டமடித்த பருந்து ஒன்று அதன் எஞ்சினுக்குள் போய்விட்டது. எஞ்சின் அணைந்தது. அதுவரை விசில் அடித்துக்கொண்டு வந்த விமானம் சட்டென்று ஊமையாகிவிட்டதை அசோகன் கொட்டகை வாசலில் நின்று கேட்டார். அது ஏரியைத் தாண்டியது. கரையைத் தாண்டவில்லை. கரையில் வயிறு இடித்து, எகிறி, வேலிக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்து உராய்ந்துகொண்டே ஓடி நின்றது.

கோவிந்தப்பா வண்டியை அதன் மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தும்போதே பின்பக்கம் தீப்பிடித்துவிட்டது. அசோகன் கோடரியோடு இறக்கை மீது ஏறினார். உள்ளே இருந்தவர் ப்ளைட் லெப்டினன்ட் பெல்லியப்பா, குடகுக்காரர். தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடி நெளிந்து மாட்டிக்கொண்டிருந்தது. அவர் முதலில் அதைத் தள்ளிப் பார்த்தார். பிறகு முஷ்டியால் தட்டினார். பதற்றமில்லாமல், கதவைத் திறக்கச் சொல்கிறவர் மாதிரி தட்டினார். அசோகன் ஓங்கிப் போட்ட கோடரி கண்ணாடியில் பட்டு ரப்பரில் பட்டதுபோல் எகிறியது. மறுபடி போட்டார். வெள்ளையாக ஒரு கீறல். அதற்குள் பெல்லியப்பாவின் காலடியில் தீ வந்துவிட்டது. இப்போது அவர் இரண்டு கையாலும் தட்டினார். வாய் திறந்திருந்தது. சத்தம் வெளியே வரவில்லை. தட்டல் மட்டும் வந்தது.

"மரம்டா! பக்கவாட்டுல போடு, அது மரம்!" என்று கீழிருந்து கத்தினார் கோவிந்தப்பா.

வாம்பயரின் முன்பாகம் மரத்தால் செய்தது. அசோகன் பக்கவாட்டில் வெட்டினார். பலகை பிளந்தது. விறகடுப்பு வாசனை குப்பென்று வந்தது. அந்தப் பிளவுக்குள் இடது கையைவிட்டு வாரை அறுத்து, தோளைப் பிடித்து இழுத்தார். தோள் வந்தது. முன்கையைப் பிடித்தபோது தோல் மட்டும் கையுறைபோல் கழன்று வந்தது. எப்படியோ வெளியே இழுத்துப் புல்லில் போட்டார்கள். பெல்லியப்பா அசோகனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். உயிர் போன பிறகும் அந்தப் பிடி விடவில்லை, காலரைக் கத்தரிக்க வேண்டியிருந்தது. அசோகனின் இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் வெந்து ஒன்றாக ஒட்டிப்போயின.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். முதலில் தூரத்தில் அந்தப் பழைய எஞ்சினின் விசில் கேட்கும். விசில் சட்டென்று நிற்கும். பிறகு காதுக்குப் பக்கத்திலேயே கண்ணாடியைத் தட்டுவதுபோல் கேட்கும். கேட்டதும் அசோகனின் கை தானாகப் பூட்ஸைத் தேடும். பயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டுகிறவரை நிற்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

வருடங்கள் ஓடின. வாம்பயர்கள் போய் வேறு வேறு ஜெட்டுகள் வந்தன. அசோகன் யசோதராவைக் கட்டி, விமான நிலையத்துக்கு அருகிலிருந்த ஈஜிபுராவில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்குப் பிடித்து, இளவேனில் என்ற மகளுக்குத் தகப்பனானார். பூட்ஸ் கதை மட்டும் கொட்டகையை விட்டு வெளியேறி, பைலட்டுகளின் சாப்பாட்டு மேஜை வரைக்கும் போய்விட்டது.

தொண்ணூற்றொன்று ஆரம்பத்தில் அது வேலைக்கே உலை வைத்தது. ஓர் இளம் பைலட் விமானத்தில் ஏறப் போனவர், தூரத்தில் அசோகன் பூட்ஸோடு நிற்பதைப் பார்த்தார். அப்படியே ஏணியிலிருந்து இறங்கி, "இன்று முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று எதுவும் விழவில்லை. விழ வேண்டியது ஏறவே இல்லையே என்றார்கள் கொட்டகைக்காரர்கள். அதிகாரி அதையெல்லாம் கேட்கத் தயாராக இல்லை. அசோகனைக் கூப்பிட்டு, நாளை முதல் குழாய்களும் நுரை டின்களும் வைத்திருக்கும் ஸ்டோருக்குப் போகும்படி சொன்னார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்தவர் ஜன்னலில்லாத அறையில் போய் ரப்பர் வாசனையில் உட்கார்ந்தார். அன்று கோவிந்தப்பா அதிகாரியின் அறைக்கதவை ஓங்கி உதைத்துவிட்டு, அதற்காகச் சம்பளப் பிடித்தமும் வாங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் கன்டோன்மென்ட் பக்கத்துக் காக்ஸ் டவுனிலிருந்து அழைப்பு வந்தது. கூப்பிட்டவர் வைத்தீஸ்வரன், ஓய்வுபெற்ற விமானப்படை க்ரூப் கேப்டன். அறுபத்து நான்கில் பின்னால் வந்த இரண்டாவது வாம்பயரை ஓட்டியவர் அவர்தான். ஒரு சனிக்கிழமை மதியம் அசோகன் போனபோது அந்தப் பழைய ஓட்டு வீட்டின் முன்கூடத்தில் அவரும், லிங்கராஜபுரத்திலிருந்து வந்திருந்த நோயல் என்ற இன்னொரு பழைய பைலட்டும் பீர் பாட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உக்காருங்கோ அசோகன். நின்னுண்டே பேசற வயசில்ல நம்ம யாருக்கும்," என்றார் வைத்தீஸ்வரன்.

அசோகன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முதல் பாட்டில் முடியும்வரை யாரும் விஷயத்துக்கு வரவில்லை. தங்கள் முதல் ஜெட் பற்றித்தான் பேசினார்கள்.

"விசிறி விமானத்துலேர்ந்து வந்தவனுக்கு அது பெரிய கலவரம்யா," என்றார் வைத்தீஸ்வரன். "முன்னாடி ஒண்ணும் சுத்தாது. எஞ்சின் ஓடறதான்னே தெரியாது. நெருப்பு முழுக்க முதுகுக்குப் பின்னாடி. அவசரத்துக்கு வேகத்தைக் கூட்டினா எஞ்சின் யோசிக்கும். அது யோசிச்சு முடிக்கறதுக்குள்ள தரை வந்துடும். எங்க பசங்க பாதிப் பேர் அந்த யோசனையிலதான் போனாங்க."

"குதிக்கவும் வழியில்ல," என்றார் நோயல். "இப்ப மாதிரி தூக்கி எறியற சீட்டெல்லாம் எங்க வாம்பயர்ல கிடையாது. மூடியத் தள்ளணும், விமானத்தத் தலைகீழாப் பொரட்டணும், பெல்ட்ட அவுத்துட்டு விழணும். பின்னால ரெண்டு வாலுக்கும் நடுவுல ஒரு பட்டை வரும், கத்தி மாதிரி. எங்க பேட்ச் பையன் ஒருத்தன் விழுந்தான். பாராசூட் அழகா விரிஞ்சுச்சு. நாங்கெல்லாம் கீழருந்து கை தட்டுனோம். ஓடிப் போய்ப் பாத்தா கழுத்துக்கு மேல ஆளே இல்ல. அந்த உடம்பு வாருல தொங்கிட்டே மெல்லமா எறங்கி, கால் ஊனி நின்னு, அப்பறம் சாஞ்சுது. கை தட்டுனது இன்னும் உள்ளங்கையில இருக்கு."

வெளியே மணிக்கூண்டுப் பக்கம் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு திரும்பியது.

"பெல்லியப்பாவும் நானும் ஒரே ரூம்," என்றார் வைத்தீஸ்வரன். "எஞ்சின் அணைஞ்ச உடனே ரேடியோல கத்தினேன். ஏரில எறக்கிடு, தண்ணில எறக்கிடுன்னு. ஏரியத் தாண்டிடுவேன் வைத்தின்னான். சிரிச்சுண்டே சொன்னான். அவன் கணக்கு தப்பு. எனக்கு இத்தனை வருஷமா அவன் மேல கோவம். செத்தவன்மேல கோவப்பட்டா எங்க போய்ச் சொல்றது?" அவர் முன்னால் சாய்ந்தார். "இந்த வீட்டுக்கு மேல அந்த விசில் போறது, அசோகன். வாம்பயர் ஒண்ணுகூட இப்பப் பறக்கல, எனக்குத் தெரியும். ஆனா போறது. ஊமையாயிடறது. எனக்கு அதோட சரி. உங்களுக்கு மட்டும் தட்டறானாமே. பேசறானா? ஏதாவது சொல்றானா?"

"பேசறதில்ல சார். தட்றாரு, அவ்ளோதான்."

"வெளிய வரணும்னு தட்டறான்," என்று வைத்தீஸ்வரன் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வருடம் டிசம்பரில் காவிரித் தண்ணீர் விவகாரம் பெங்களூரில் பற்றிக்கொண்டது. தமிழர்கள் இருக்கும் பகுதிகளில் கடைகளை உடைக்கிறார்கள், லாரிகளைக் கொளுத்துகிறார்கள் என்று ஒவ்வொரு மணி நேரமும் ஒரு செய்தி வந்தது. அசோகன் வேலைக்குப் போகவில்லை. பகல் சாப்பாட்டு வேளைக்குக் கன்னடக்காரரான கோவிந்தப்பா தன் ஸ்கூட்டரில், காக்கிச் சீருடையோடு வந்து இறங்கினார்.

"பாரோ, வாடா, நட. வீட்டைப் பூட்டு. யசோதாவையும் பொண்ணையும் ஏத்து, எங்க வீட்டுல விட்டுட்டு வர்றேன். அப்பறம் நீ," என்றார் கோவிந்தப்பா. "எங்க தெருவுல எவன் வர்றான்னு நான் பாக்கறேன்."

யசோதரா மூட்டை கட்டினாள். இளவேனில் பள்ளிப் புத்தகங்களைத் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அசோகன் ஜன்னல் கதவைச் சாத்தக் கையை நீட்டியபோது அந்த விசில் கேட்டது. அந்தப் பட்டப்பகலில், மேகமே இல்லாத வானத்தில், ஏரிப் பக்கமிருந்து வந்து தலைக்கு மேல் சட்டென்று நின்றது. பிறகு தட்டல்.

அவர் கட்டிலுக்கடியிலிருந்து தன் பழைய பூட்ஸை இழுத்தார்.

"ஏங்க, எங்க கிளம்பறீங்க? இன்னிக்கு எது விழுந்தா நமக்கென்ன?" யசோதராவின் குரல் உடைந்தது.

"மேல இல்ல யசோதா. இங்க கிட்டத்துல கேக்குது."

அவர் பூட்ஸை மாட்டி நிமிர்வதற்குள் வாசலில் கோவிந்தப்பா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டிருந்தார். பழக்கம். எங்கே என்று கூடக் கேட்கவில்லை. அசோகன் பின்பக்கம் கிடந்த கடப்பாறையை எடுத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். "கதவத் தாழ் போட்டுக்கோ. நாங்க வந்து கூப்பிட்டாத்தான் தொறக்கணும்," என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

மூன்று சந்து தாண்டினால் கடைத்தெரு. அங்கே தையல்காரர் சண்முகத்தின் கடை முன்னால் கூட்டம். தமிழில் எழுதிய பெயர்ப்பலகையைப் பிடுங்கிப் போட்டு மிதித்திருந்தார்கள். சண்முகமும் அவர் தம்பி ரகுவும் கூட்டத்தைப் பார்த்ததும் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிக்கொண்டு ஒளிந்திருந்தார்கள். வெளியே இருந்தவர்கள் ஷட்டரின் வளையங்களில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வளைத்துவிட்டு, அடியில் பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்துவிட்டார்கள். உள்ளே துணி. அது பொசுங்கும் கரும்புகை ஷட்டரின் மேல் இடுக்கிலிருந்து திரண்டு வந்தது.

அசோகனுக்குத் தட்டல் இப்போது தெளிவாகக் கேட்டது. உள்ளிருந்து, இரண்டு கையாலும்.

கோவிந்தப்பா கூட்டத்துக்குள் ஸ்கூட்டரை விட்டார். "நானு கன்னடதவனே கணோ!" என்று கத்தினார். "ஒளகடே ஜன இதாரே! உள்ள ஆளுங்க இருக்காங்கடா, பாவிங்களா!" காக்கிச் சட்டையைப் பார்த்துப் போலீஸ் என்று நினைத்துச் சிலர் விலகினார்கள். எங்கிருந்தோ ஒரு அரைச் செங்கல் வந்தது. அது கோவிந்தப்பாவின் இடது கண்ணில் பட்டது. அவர் கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஸ்கூட்டரோடு சாய்ந்தார். விரல்களுக்கிடையில் ரத்தத்தோடு வேறு ஏதோ வழிந்தது.

அசோகன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்திருந்தது. கடப்பாறையைக் கம்பிக்கும் வளையத்துக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். ஷட்டர் சூடு பூட்ஸின் மூக்கில் ஏறியது. அப்போது முதுகில் சைக்கிள் செயின் விழுந்தது. சட்டையோடு சதையும் கிழிந்தது. இரண்டாவது அடி அவருடைய வெந்து ஒட்டிய விரல்களில் சுற்றிக்கொண்டு இறுகியது.

அசோகன் திரும்பினார். எதிரே மீசை சரியாக முளைக்காத ஒருவன், செயினின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெயர் உமேஷ் என்று பின்னால் தெரிந்தது. அசோகன் கடப்பாறையைப் பக்கவாட்டில் வீசினார். அது தாடையில் பட்டது. எலும்பு உடையும் சத்தம் கேட்டது. பல் தெறித்தது. அவன் மடங்கி விழுந்தான். அதோடு விட்டிருக்கலாம். அசோகன் விடவில்லை. விழுந்தவனின் தோள்பட்டையில் இன்னொன்று போட்டார். அது போட்டதும் அவர் உடம்புக்குள் ஏதோ இனிப்பாகப் பரவியது. சாக்கு மூட்டையாக வந்த அப்பாவும், ரப்பர் வாசனை அறையும், தெருவில் கண்ணைப் பொத்திக்கொண்டு கிடக்கும் கோவிந்தப்பாவும் எல்லாம் அந்தக் கடப்பாறையின் முனையில் வந்து சேர்ந்துகொண்டது போலிருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். கீழே கிடந்தவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். உடைந்த வாயால் அவனுக்கு வேண்டாம் என்று சொல்லக்கூட வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் தட்டல் வேகமெடுத்தது. படபடவென்று, பொறுக்க முடியாமல், யாரோ அவரைப் பெயர் சொல்லி அழைப்பதுபோல்.

அசோகன் கடப்பாறையை அவன்மீது இறக்கவில்லை. திரும்பி வளையத்தில் கொடுத்தார். கம்பி பிடுங்கிக்கொண்டு வந்தது. வெறுங்கையால் ஷட்டரைத் தூக்கினார். உள்ளங்கைத் தோல் தகரத்திலேயே தங்கிவிட்டது. காற்று கிடைத்ததும் தீ அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தது. குனிந்து தவழ்ந்து உள்ளே போனார். வாசலருகிலேயே சண்முகம் சுருண்டு கிடந்தார். முதுகில் துணி எரிந்துகொண்டிருந்தது. காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். மறுபடி உள்ளே போனார். தையல் மெஷினுக்குக் கீழே ரகு இருந்தான். முகத்தில் ஈரத்துணி கட்டியிருந்தான். அவனை இழுத்தபோது உடம்பு துவண்டு வந்தது.

தீயையும் அதற்குள்ளிருந்து வந்தவரையும் பார்த்ததும் கூட்டம் கலைந்தது. சிலர் ஓடினார்கள். ஒரு ஆள் மட்டும், கையில் இன்னும் கல்லை வைத்திருந்தவன், ஓரமாகக் குந்தி வாந்தியெடுத்தான். அசோகன் தெருவில் முழந்தாளிட்டு ரகுவின் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார். சதை உரிந்த உள்ளங்கைகளின் ரத்தம் அவன் சட்டையில் அப்பியது. போலீஸ் வண்டி வந்து யாரோ அவர் தோளைத் தொட்டு, "போதும்பா, போயிட்டான்," என்று சொல்லும்வரை அழுத்தினார்.

ஆஸ்பத்திரியில் அசோகனையும் சண்முகத்தையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டிருந்தார்கள். அசோகனுக்கு இரண்டு கையிலும் கட்டு. யசோதராதான் ஊட்டிவிட்டாள். சண்முகம் குப்புறப் படுத்தபடியே பேசினார்.

"அண்ணே, நாங்க உள்ள இருக்கறது உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க தட்டுனீங்கல்ல? ரகு தட்டியிருப்பான்."

சண்முகம் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். "தட்டவே இல்லண்ணே. நாங்க இருக்கறது தெரிஞ்சா வெட்டிடுவானுங்கன்னு மூச்சுகூட விடல. புகை வந்ததும் ரகு மொதல்லயே மயங்கிட்டான். நான் அவன் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன், இருமிடப் போறான்னு." அவர் தலையணையை ஒரு கையால் பற்றிக் கடித்துக்கொண்டு அழுதார். தம்பியின் வாயைப் பொத்திய கை அது.

வைத்தீஸ்வரன் வந்து பார்த்தார். ஊரில் ஊரடங்கு தளர்ந்த முதல் நாளே, நோயலின் காரில், கையில் ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வெகுநேரம் அந்தக் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தார்.

"அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டுண்டிருந்தேன்," என்றார் மெல்ல. "விசில் போச்சு. இத்தனை வருஷத்துல அவ்வளவு தாழ்வா போனதே இல்ல. ஓடு அதிர்ந்துது. என் ஆத்துக்காரிக்குக்கூட தட்டு ஆடினது தெரிஞ்சுது. தட்டினானா?"

"தட்டுனாரு சார். தகரத்துல."

"வெளிய வரத்தான் தட்டறான்னு நெனச்சேன்," என்றார் வைத்தீஸ்வரன். "இல்லையோ என்னமோ. நீங்க என்ன நெனைக்கறேள்?"

"தெரியல சார்," என்றார் அசோகன். "எனக்குக் கை வலிக்குது. சிஸ்டரக் கூப்புட்டு ஒரு ஊசி போடச் சொல்றீங்களா?"

வைத்தீஸ்வரன் எழுந்து தானே ஓடினார்.

கோவிந்தப்பாவின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் கண்ணோடு வண்டி ஓட்ட விதியில் இடமில்லை. அவரைக் கொண்டுபோய் ரப்பர் வாசனை ஸ்டோரில் போட்டார்கள். அனுபவமுள்ள ஆள் வண்டியில் வேண்டும் என்பதால், கை ஆறியதும் அசோகனை மறுபடி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். தான் வண்டிக்குத் திரும்பியதும், ஸ்டோரில் தன் இடத்துக்கு நண்பர் போனதும் அசோகனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஸ்டோருக்குப் போய் அதைச் சொல்லப் பார்த்தார்.

"சும்மா இருப்பா. இங்க ஃபேன் இருக்கு, உனக்குத்தான் வெயில்," என்று கோவிந்தப்பா நுரை டின் மீது காலை நீட்டிக்கொண்டார். ஆனால் வண்டியின் எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருடைய இடது கை கியர் இருக்கும் இடத்துக்குப் போய்வந்ததை அசோகன் பார்த்தார். பார்க்காததுபோல் வெளியே வந்தார்.

இளம் பைலட்டுகள் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டார்கள். விமானத்தில் ஏறுமுன் கொட்டகைப் பக்கம் பார்த்து, "அவர் செருப்போடதானே இருக்கார்?" என்று கேட்டுக்கொண்டு ஏறினார்கள்.

வழக்கு தொண்ணூற்று நான்கில்தான் கோர்ட்டுக்கு வந்தது. கடையைக் கொளுத்திய வழக்கில் உமேஷும் இன்னும் சிலரும். உமேஷை அடித்து ஊனமாக்கிய வழக்கில் அசோகன். சண்முகம் ஆம்பூர்ப் பக்கம் மாமனார் ஊருக்குப் போய்விட்டார். சம்மன் போயும் வரவில்லை. இனி இந்த ஊர் மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சொல்லியனுப்பினார்.

அசோகன் கூண்டில் நின்றார். எதிர்க்கூண்டில் உமேஷ் ஏறினான். தாடை ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வலது தோள் கீழே தொங்கியது. வக்கீல் அசோகனைக் காட்டி, உன்னை அடித்தது இவர்தானா என்று கன்னடத்தில் கேட்டார். உமேஷ் அசோகனையே பார்த்தான். அசோகனும் கண்ணை எடுக்கவில்லை. ஆமாம் என்று சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். சொன்னால் தானும் ஆமாம் என்று சொல்லிவிடுவதாகவே முடிவு செய்திருந்தார்.

"கொத்தில்லா," என்றான் உமேஷ். தெரியாது. வக்கீல் மறுபடி கேட்டார். "கூட்டம். புகை. யாருன்னு பாக்கல." அந்த வழக்கு அதோடு விழுந்தது. மற்ற வழக்கு சாட்சியில்லாமல் இழுத்துக்கொண்டு கிடந்து, பிறகு அதுவும் நின்றுபோனது.

வெளியே வராந்தாவில் கோவிந்தப்பா கறுப்புக் கண்ணாடியோடு காத்திருந்தார். அசோகன் அவரிடம் போவதற்குள் உமேஷ் குறுக்கே வந்து நின்றான். அசோகனின் கை முஷ்டியாக இறுகியது. ரகுவின் துவண்ட உடம்பு ஞாபகத்துக்கு வந்தது. தாடையின் இன்னொரு பக்கமும் உடையட்டும் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. வெட்கமில்லாமல் தோன்றியது.

"சத்தவரு..." என்றான் உமேஷ். வார்த்தை கோணிக்கொண்டு வந்தது. தமிழுக்கு மாறினான். அவனுக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருந்தது, அதே ஈஜிபுராவில் வளர்ந்தவன்தானே. "செத்துப்போனாரே, அவர் பேர் என்ன?"

"உனக்கெதுக்கு?"

"தெரியல. எங்க அம்மா கேக்கறாங்க. கோயில்ல பேர் சொல்லணுமாம். மூணு வருஷமா கேட்டுட்டே இருக்காங்க. நான் பேப்பர்ல பாக்கலாம்னு இருந்தேன். பாக்கல."

அசோகன் அவனை உற்றுப் பார்த்தார். எதிரில் நிற்பவனுக்கு இப்போது மீசை நன்றாக முளைத்திருந்தது. கண்ணில் நீர் இல்லை. கெஞ்சலும் இல்லை. பதில் கிடைக்கும்வரை போகப் போவதில்லை என்பதுபோல் மட்டும் நின்றான்.

"ரகு," என்றார் அசோகன். "இருபத்தோரு வயசு. பட்டன் தச்சா அவன்தான் தைக்கணும்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்லுவாங்க."

உமேஷ் தலையாட்டினான். நன்றி சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. தொங்கிய தோளோடு படியிறங்கி, கேட்டைத் தாண்டிப் போனான்.

"என்னவாம்?" என்றார் கோவிந்தப்பா.

"பேர் கேட்டான்."

"எவன் பேரு?"

"ரகு பேரு."

"சொன்னியா?"

"சொன்னேன்."

கோவிந்தப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நானா இருந்தா சொல்லியிருக்கமாட்டேன்," என்றார். பிறகு, "தெரியல. சொல்லியிருப்பேனோ என்னவோ. பசிக்குது, வா," என்று அசோகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இடது பக்கம் வரும் வண்டி அவருக்குத் தெரியாது. அசோகன் அந்தப் பக்கமாக மாறி நடந்தார். இருவரும் ரோட்டைத் தாண்டி எதிர் ஓட்டலுக்குப் போனார்கள்.